ஓங்காத கை

நமது சஞ்சிகைகளில் குடும்ப வன்முறை பற்றிய சிறுகதைகள் முன்னரைவிட அதிகமாகவே வருகின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அவற்றுள் கணிசமானவை அடி விழுந்த பின்னரே வன்முறையைக் காண்கின்றன. அடிப்பவனுக்குக் குளிர், கடன், வதிவிட அனுமதி இன்மை எனக் கதைசொல்லியே காரணங்களை அடுக்கியும் கொடுத்துவிடுகிறார். அடிவாங்குகிறவளுக்கும் அதே குளிர், அதே கடன்தானே?

ஒரு அறைகூட விழாத கதையொன்றை இங்கு எடுத்துக்கொள்கிறேன்: புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' (1943). ஊரில் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் இக்கதையைப் பல வருடங்கள் கற்பித்தேன். தொன்மத்தின் நவீனப் பயன்பாடு என்றெல்லாம் கரும்பலகையில் எழுதினேன். வன்முறை என்ற சொல்லை ஒருதடவையேனும் எழுதியதாக ஞாபகமில்லை. "கோதமர் நல்லவர்தானே சேர், பிறகேன் அவள் திரும்பவும் கல்லாகிறாள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அது குறியீடு என்றேன். அவளும் எழுதிக்கொண்டாள்.

கோதமன் நல்லவன்தான். சபித்த குற்றம் அவனை உறுத்துகிறது. அகலிகையை அவன் குத்திக்காட்டுவதில்லை. ஆனாலும் அவள் ஒரு வார்த்தை பேசுமுன் அதை மனதுக்குள் பலதடவை சொல்லிப் பார்க்கிறாள். அவன் சாதாரணமாகச் சொல்வதிலும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று அஞ்சுகிறாள். முன்னர் நான் இப்பகுதியை 'உளவியல் சித்திரிப்பு' என்று இரண்டு வரிகளில் கடந்துவிடுவேன். ஒருதடவை தண்டித்த அதிகாரம் கையை ஓங்காமல் இருக்கும்போதும் வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதைத் தமிழில் இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன பக்கங்கள் சொற்பம்.

பின்னர் சீதை வருகிறாள். தீக்குளித்த கதையைச் சொல்கிறாள். கல்லிலிருந்து தன்னை மீட்ட இராமனே அதைக் கேட்டான் என்பதுதான் அகலிகையை உலுக்குகிறது. உலகத்தாரின் நம்பிக்கைக்காக என்று சீதையே சிரித்தபடி சொல்லுமிடம் என்னை இப்போது மிகவும் தொந்தரவு செய்கிறது. அகதி விசாரணையில் அதிகாரியின் முன்னிருந்து, பட்ட துன்பத்துக்கே ஆதாரம் காட்டக் கேட்கப்பட்டவர்கள் நாம். அந்த அவமானம் நமக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து மனைவியின் கைத்தொலைபேசியை வாங்கிப் பார்க்கிறோம். வேலை முடிந்து ஏன் இருபது நிமிடம் பிந்தினாய் என்று கேட்கிறோம். இதை எழுதிய புகலிடக் கதைகள் எத்தனை? இராணுவத்தின் விசாரணையையும் இயக்கங்களின் விசாரணையையும் எழுதிய கைகள் இங்கு தயங்குகின்றன.

புதுமைப்பித்தனிடமும் எனக்குக் குறையுண்டு. அகலிகைக்கு அவர் விட்டுவைத்த ஒரே வழி கல்லாவது. கோதமனுக்கோ துறவு இருக்கிறது, எழுந்து நடக்கலாம்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' (தொகுதி 1988) இந்த இடத்தில் வேறு திசையில் போகிறது. இராஜஸ்தானக் குடும்பம். சமையலறைக்கு வெளியே மலை தெரிகிறது. தாழ்வாரத்தை விரிவாக்கலாமே என்று மருமகள் மீனாட்சி மாமனாரிடம் கேட்கிறாள். சில நாட்களில் அங்கு துணி உலர்த்தும் கயிறுகள் கட்டப்படுகின்றன; சேலைகள் மலையை மறைக்கின்றன. அவ்வளவுதான் தண்டனை. ஆனால் மீனாட்சி கல்லாகவில்லை. மாமியாரிடம் போய், இந்தச் சமையலறையும் நகைகளும்தான் உங்கள் பலமென்று நம்பாதீர்கள் என்று பேசுகிறாள். அந்த மாமியாரோ அதே வீட்டில் மற்றப் பெண்கள்மீது அதிகாரம் செலுத்தி வந்தவள்.

அந்த மாணவி இன்று எந்த நாட்டில் இருக்கிறாளோ தெரியாது. அவளுடைய கேள்விக்கு, கோதமன் நல்லவனாக இருப்பதும் இல்லாததும் அவனுடைய விருப்பத்தில் மட்டுமே இருந்தது என்று நான் அன்று பதில் சொல்லியிருக்கவேண்டும்.