வழக்கம் வேறு, பட்டறிவு வேறு

டைட்டன் நீர்மூழ்கி 2023 ஜூன் 18 அன்று அட்லாண்டிக் ஆழத்தில் நொறுங்கியது. உள்ளே இருந்த ஐவரும் இறந்தார்கள். அதைக் கட்டிய ஓஷன்கேட் நிறுவனத்தின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ்ஷும் அவர்களில் ஒருவர். அவருக்காக வைக்கப்படும் வாதம் இன்னும் ஓயவில்லை. ஊரெல்லாம் நம்பியதை அவர் கேள்வி கேட்டார், அப்படிக் கேட்பவர்கள் இல்லாமல் புதுமை வராது, இந்த முறை தோற்றுவிட்டது, அவ்வளவுதான் என்கிறார்கள். ஸ்டார்ட்அப் தொடங்க வரும் இளைஞர்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடமும் இதுவே என்பதால் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி கேட்பதால் பலன் உண்டு. முன்பின் தெரியாதவர் வீட்டில் காசு கொடுத்துத் தங்க யார் வருவார்கள் என்ற நினைப்பை ஏர்பிஎன்பி மாற்றியது. வெளி முதலீடு வாங்காமல் உலகச் சந்தையில் நிற்க முடியும் என்று ஸோஹோ காட்டியது. இவை கேள்வி கேட்டது வழக்கத்தை. மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்ற ஊகத்தை. பட்டறிவு அப்படியல்ல. யாரோ பட்டு, யாரோ செத்து, அதிலிருந்து தெரிந்துகொண்டது அது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஸ்டார்ட்அப் மேடைகளில் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, உடை என்கிறார்கள்.

டைட்டன் பயணிகளை ஏற்றிக்கொண்டு பார்க்கப் போன டைட்டானிக் கப்பலின் சிதைவு கிடப்பது ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில். அங்கே நீரின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் 380 மடங்கு. அந்த ஆழத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கலத்தை எஃகிலோ டைட்டானியத்திலோ உருண்டையாகச் செய்வார்கள். உருண்டையில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக இறங்கும். ரஷ் ஐந்து பேர் உட்கார வேண்டும் என்று கார்பன் இழையில் உருளையாகக் கட்டினார். கார்பன் இழை இழுவிசையை நன்றாகத் தாங்கும். நசுக்கும் அழுத்தத்தில் அதை அந்த அளவுக்கு நம்ப முடியாது. அடுக்குகள் பிரியலாம், ஒவ்வொரு முழுக்கிலும் சேதம் சேரலாம்.

கார்பன் இழையில் முடியுமா என்று அவர் கேட்டதைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். பதில் வந்தபோது காதில் வாங்காததுதான் என் குற்றச்சாட்டு. பதில் ஒரு முறை வந்து நிற்கவில்லை. 2018இல் நிறுவனத்தின் கடல் பணிகளின் இயக்குநர் டேவிட் லாக்ரிட்ஜ் பாதுகாப்புக் குறைகளை அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அதே ஆண்டு, இத்துறையில் தலை நரைத்தவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் ரஷ்ஷுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தயாரித்தார்கள். 2019இல் கலத்தின் முதல் உடலிலேயே விரிசல் கண்டது. புது உடல் செய்தார்கள். கார்பன் இழையை விடவில்லை. வெளியாரின் தரச்சான்று புதுமையின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்று நிறுவனம் எழுத்திலேயே வாதிட்டது.

அது உண்மையில்லை. அதே 2019இல் ஆழ்கடல் ஆய்வாளர் விக்டர் வெஸ்கோவோவின் 'லிமிட்டிங் ஃபாக்டர்' நீர்மூழ்கி உலகப் பெருங்கடல்களின் அடியாழங்களுக்கு மீண்டும் மீண்டும் போய் வந்தது. இத்தனை முறை அத்தனை ஆழம் போகும் கலம் அதற்கு முன் இருந்ததில்லை. அது டைட்டானிய உருண்டை. முறையாகத் தரச்சான்று பெற்றது. பட்டறிவை மதித்தவர்களே புதியதைச் செய்தார்கள்.

ஊர் நம்புவதையெல்லாம் உடை என்ற அந்த முதல் பாடத்தை நான் வெறுப்பதற்குக் காரணம் இதுதான். நாலு பேர் எதிர்த்தால் சரியான வழியில் போகிறாய் என்று அது கற்றுத்தருகிறது. அதை நம்பிவிட்டவனுக்கு எந்த எதிர்ப்பும் எதிர்ப்பாகத் தெரியாது. லாக்ரிட்ஜின் அறிக்கை கோழைத்தனமாகத் தெரியும், நிபுணர்களின் கடிதம் பொறாமையாகத் தெரியும். ஊரைக் கேட்ட கேள்வியை அவன் தன்னிடம் ஒரு நாளும் கேட்கமாட்டான்.

தரச்சான்றுக்குப் பதிலாக ரஷ் நம்பச் சொன்னது, கலத்தின் உடலில் எழும் ஒலியைக் கேட்டு முன்கூட்டியே எச்சரிக்கும் கருவிகளை. 2022 ஜூலையில் ஒரு முழுக்கு முடிந்து மேலே வரும்போது பெரும் சத்தம் கேட்டது. அதன் பிறகு உடலின் அளவீடுகள் முன்போல் இல்லை. கலத்தின் சட்டகத்துக்குள் உடல் சற்று நகர்ந்திருக்கும் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு மறுபடியும் இறங்கினார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் டைட்டன் நியூஃபவுண்ட்லாந்தில் வெட்டவெளியில் கிடந்தது. அடுத்த ஜூனில் அதே உடலுக்குள் ஏறியவர்களில் ஒருவனுக்கு வயது 19.