அவிழாத முறுக்கின் இலக்கணம்

சொலிட்டான் என்ற ஒரே பெயரை மூன்று மரபினர் ஆளுகிறார்கள், ஆளுக்கோர் அளவுகோல். 1965-இல் ஜபுஸ்கியும் கிரஸ்கலும் கணினிக் கணக்கில் கண்ட அலைகள், ஒன்றையொன்று ஊடுருவிச் சென்ற பின்னும் பழைய வடிவம் மாறாமல் வெளிவந்தன. அவர்கள் வழிவந்த கணித மரபுக்கு மோதியும் உருக்குலையாததே சொலிட்டான். லெனின்கிராடில் ஃபதேயேவ் குழுவினர் இந்த மரபைச் செதுக்கிச் செதுக்கி வளர்த்தார்கள். புலக் கோட்பாட்டாருக்கு வடிவத்தைவிட இடத்தியல் எண் முக்கியம். மூன்றாமவர்கள் அணுக்கருவிலிருந்து வந்த ஸ்கிர்ம் வழியினர். ஆய்வகம் அளந்த எண்ணோடு கணக்கு பொருந்துகிறதா என்று பார்ப்பவர்கள். (1834-இல் கால்வாய்க் கரையில் ரஸ்ஸல் குதிரையேறி அலையைத் துரத்திய கதையை எல்லாரும் எழுதிவிட்டதால் இங்கே விடுகிறேன்.) துகள் இயற்பியலுக்கு உரைகல்லாக இருக்கத் தக்கது நடு மரபின் கேள்விதான் என்பது என் வாதம்: ஆற்றல் திரண்ட இந்தக் கட்டி ஏன் கரைந்துபோவதில்லை?

விடை மிக எளிய மாதிரியிலேயே கிடைக்கிறது. ஒரு கோட்டின் மேல் பரவிய புலம். அதன் ஆற்றல் +1, −1 என்ற இரு மதிப்புகளில் மட்டும் அடிமட்டத்தில் இருக்கிறது. இடக்கோடியில் −1, வலக்கோடியில் +1 என்றால், நடுவே எங்கேனும் புலம் சுழியைக் கடந்தே தீர வேண்டும். கடக்கும் இடத்தில் ஆற்றல் குவிகிறது, அதுவே கிங்க். அதை நகர்த்தலாம், நீக்க முடியாது. இருமுனையும் கட்டிய நாடாவில் விழுந்த முறுக்கைப் போல, முனையை அவிழ்க்காமல் அது போகாது. இங்கே முனையை அவிழ்ப்பதென்றால் முடிவற்ற அரைக்கோடு முழுவதிலும் புலத்தை மேட்டின் மேல் தூக்கிக் கடத்துவது. அதற்கு முடிவற்ற ஆற்றல் வேண்டும். நோதர் காட்டிய அழிவின்மை விதிகள் சமச்சீர்மையிலிருந்து பிறந்தவை. கிங்க் நீங்காது என்ற இந்த விதியோ எல்லை நிலைமையிலிருந்தே பிறக்கிறது.

கணித மரபினர் இதை முழுச் சொலிட்டானாக ஏற்பதில்லை. 1982-இல் வந்த ஆர். ராஜாராமனின் பாடநூலும் இந்த வேறுபாட்டைக் கறாராகவே பேணுகிறது. மேற்சொன்ன மாதிரியில் கிங்கும் எதிர்க்கிங்கும் மெதுவாக மோதினால் சிக்கிக்கொண்டு, அதிர்ந்து, கதிர்வீசிக் கரைகின்றன. ஒளிவேகத்தில் ஏறத்தாழ 0.26 பங்கைத் தாண்டினால் எகிறித் தப்புகின்றன; அதற்குச் சற்றுக் கீழே, இரண்டு முறை மோதித் தப்பும் குறுகிய வேக இடைவெளிகளும் உண்டு. ஆனால் அந்த இணைக்கு இரு கோடிகளிலும் புலம் ஒரே மதிப்பில் இருப்பதால் மொத்த இடத்தியல் எண் சுழி. எனவே கரைவதற்குத் தடையே இல்லை. எலக்ட்ரானும் பாசிட்ரானும் சந்தித்தால் அழிவதும் இதே நியாயப்படிதான். ஊடுருவிச் செல்ல மட்டுமே தெரிந்த அலை அழகானது. துகளுக்கு அது போதாது.

மூன்று பரிமாணத்துக்கு வரும்போது டெரிக் 1964-இல் காட்டிய தடை குறுக்கே நிற்கிறது: எளிய புலத்தை மட்டும் வைத்துக் கட்டிய உருண்டை சுருங்கி மறைந்துவிடும். மின்காந்தப் புலம் போன்ற கேஜ் புலத்தைச் சேர்ப்பது ஒரு வழி. 1974-இல் ’ட் ஹூஃப்ட்டும் பொல்யகோவும் தனித்தனியே காந்த ஒருமுனையை அப்படித்தான் பெற்றார்கள். ஒருமுனை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. 1982 பிப்ரவரி 14 அன்று ஸ்டான்ஃபோர்டில் கப்ரேராவின் கருவியில் ஒரே ஒரு சைகை விழுந்தது, மறுபடி விழவில்லை. ஆனால் எந்தக் கோட்பாட்டில் ஒருமுனை கட்டாயம், எதில் இல்லை என்பதையும் அதே இடத்தியல்தான் சொல்கிறது. துகள் இயற்பியலின் இன்றைய திட்ட மாதிரியில் அது கட்டாயமில்லை, விசைகளை ஒன்றிணைக்கும் பெருங்கோட்பாடுகளில் கட்டாயம். ஆகவே காணாமையால் நெருக்கடி அந்தப் பெருங்கோட்பாடுகளுக்கே.

இன்னொரு வழி, புலத்தின் வகைக்கெழுக்களில் உயர்படி உறுப்பொன்றைச் சேர்ப்பது. டெரிக்குக்கு முன்பே, 1961-62-இல், டோனி ஸ்கிர்ம் அதைச் செய்துவிட்டார். அவர் கையில் இருந்தது பயான் புலம் மட்டும். அது ஒரு முப்பரிமாணக் கோளத்தை எத்தனை முறை போர்த்துகிறது என்ற எண்ணே பேரியான் எண் என்றார். புரோட்டான் ஏன் பயான்களாகச் சிதறுவதில்லை என்பதற்கு அது நேரடி விடை. போசான் புலத்திலிருந்து ஃபெர்மியான் எழலாம் என்பதற்கு 1968-இல் ஃபிங்கல்ஸ்டைனும் ரூபின்ஸ்டைனும் இடம் காட்டினார்கள். குவார்க் நிறங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் எழுந்தே தீரும் என்று 1983-இல் விட்டன் முடித்துவைத்தார். இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலோர் ஸ்கிர்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அல்லாடி ராமகிருஷ்ணனிடம் பயின்ற ஏ. பி. பாலச்சந்திரனும் சிராகியூஸில் அவருடைய குழுவினரும் 1982-இல் அந்த மாதிரியைத் தூசு தட்டி எடுத்தார்கள்.

குவார்க்குகள் இருக்க இது எதற்கு என்பது வலுவான ஆட்சேபம். நிறங்களின் எண்ணிக்கையைப் பெரிதாக்கினால் பேரியானின் நிறை அதே விகிதத்தில் ஏறுகிறது, மெசான்களின் பிணைப்பு இளைக்கிறது. வலுக்குறைந்த புலத்தில் கனத்த சொலிட்டான் எப்படி இருக்குமோ அப்படியே. குவார்க் கோட்பாட்டுக்கு எதிரியாக அல்ல, தாழ்ந்த ஆற்றலில் அதன் தோற்றமாகவே இதைக் கொள்ள வேண்டும். ஆட்கின்ஸ், நாப்பி, விட்டன் மூவரும் நியூக்ளியான், டெல்டா நிறைகளை உள்ளிட்டுப் பெற்ற மற்ற அளவுகள் சுமார் 30 விழுக்காட்டுப் பிழைக்குள் அமைந்தன. அதை மன்னிக்கலாம். பிணைப்பாற்றலில் வரும் பிழையை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. பேரியான் எண் நான்குக்குக் கனசதுர வடிவில் ஓர் அழகான தீர்வு கிடைக்கிறது. ஆனால் அது நிறையில் ஏறத்தாழ 9 விழுக்காட்டைப் பிணைப்பில் இழக்கிறது. உண்மையான ஹீலியம் கரு இழப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 2010-இல் ஆடம், சான்செஸ்-கியென், வெரெஷின்ஸ்கி மூவரும், இடத்தியல் எண் விதிக்கும் கீழ் எல்லையான போகமோல்னி எல்லையை ஆற்றல் சரியாகத் தொடும் ஒரு மாதிரியை அமைத்து, பிணைப்பைச் சுழியாக்கினார்கள். அதற்காகப் பயானின் வழக்கமான இயக்க உறுப்பையே கழற்ற வேண்டியிருந்தது. கட்டி திரவம்போல் ஆகி, கனசதுரம் தன் தனியிடத்தை இழந்தது. கழற்றியதைச் சிறிய அளவில் திரும்பச் சேர்ப்பதில்தான் இப்போதைய கணக்கின் கடினம் முழுவதும் இருக்கிறது.