பழி சுமந்தவள்: விக்டோரியா கால நாவலில் ஒரு மரபு

ஏமாற்றப்பட்ட பெண்ணின் கதை விக்டோரியா காலத்து ஆங்கில நாவலில் ஒரு தனி மரபாகவே வளர்ந்தது. தொடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: எளிய வீட்டுப் பெண், வசதியுள்ள ஆண், பொய்யாகிப்போன வாக்கு. கடைசியில் ஆசிரியர் அவளை என்ன செய்கிறார் என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

டிக்கன்ஸின் வழி கப்பலேற்றுவது. 'டேவிட் காப்பர்ஃபீல்டு' எமிலி ஆஸ்திரேலியா போகிறாள். பெருஞ்செல்வர் ஏஞ்சலா பர்டெட் கூட்ஸின் பணத்தில் 1847 முதல் லண்டனில் டிக்கன்ஸ் நடத்திய இல்லமும் பெண்களைத் திருத்திக் குடியேற்ற நாடுகளுக்கே அனுப்பியது. ஜார்ஜ் எலியட்டின் 'ஆடம் பீடு' (1859) ஹெட்டிக்குத் தூக்கு விலகி நாடுகடத்தல் கிடைக்கிறது. அத்தனை பெரிய மனசுக்காரர் அவளிடம் மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டிவிட்டார் என்றே எனக்குத் தோன்றும்.

எலிசபெத் கேஸ்கல் 'ரூத்'தை (1853) பரிவோடு எழுதினார். அதற்கே, அவர் கணவர் போதகராயிருந்த மான்செஸ்டர் சபையைச் சேர்ந்த இருவர் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். அப்படிப்பட்டவரும் ரூத்தை உயிரோடு விடவில்லை. கெடுத்தவனுக்கே பணிவிடை செய்து, காய்ச்சல் தொற்றிச் சாகிறாள். அவள் ஏன் சாக வேண்டும் என்று கேட்டவர் சார்லட் பிராண்டே.

இந்த முடிவுகளுக்குப் பின்னால் ஒரு வணிகமும் இருந்தது. மூன்று பாக நாவலின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். வாங்கிப் படிக்க வழியில்லாதவர்கள் மியூடியின் வாடகை நூலகத்தில் சந்தா கட்டினார்கள். குடும்பத்து இளம்பெண் படிக்கத் தகுமா என்பதே அங்கே அளவுகோல். மியூடி ஒதுக்கினால் நூலின் விற்பனை படுத்துவிடும்.

தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' இந்த அளவுகோலில் நன்றாகவே அடிபட்டது. இரண்டு பத்திரிகைகள் மறுத்த பிறகு, 1891இல் 'கிராஃபிக்' வார இதழுக்காக ஹார்டி தம் கதையைத் தாமே வெட்டினார். டெஸ் கெடுக்கப்படுவதற்குப் பதிலாக ஒரு போலிக் கல்யாணம் வந்தது. சாகும் குழந்தைக்கு அவளே ஞானஸ்நானம் கொடுக்கும் இடம் போனது. வெள்ளம் தேங்கிய பாதையில் பால்காரப் பெண்களை, டெஸ்ஸைப் பின்னால் மணக்கும் ஏஞ்சல் தூக்கிச் செல்லக்கூடாதாம். தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினான்! வெட்டியதில் பெரும்பகுதி அந்த ஆண்டே நூலில் திரும்பி வந்தது. 'தூய பெண்' என்று துணைத்தலைப்பும் வைத்தார்; விமர்சகர்களுக்கு அதுவே உறுத்தியது.

நாவலின் உயிர் கல்யாண இரவில் இருக்கிறது. ஏஞ்சல் தன் பழைய தவற்றைச் சொல்கிறான். டெஸ் உடனே மன்னிக்கிறாள். அந்தத் துணிச்சலில் தனக்கு நேர்ந்ததை அவளும் சொல்ல, அவன் கல்லாகிவிடுகிறான். 1857ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டமும் இப்படித்தான் இருந்தது. மனைவி தவறினாள் என்பது ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவிக்கோ கணவனின் ஒழுக்கக்கேட்டோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொரு குற்றமும் வேண்டும். சட்டப் புத்தகத்தில் கிடந்த அநீதியை ஹார்டி ஓர் அறைக்குள், இரண்டு பேர் பேச்சில் காட்டிவிட்டார். முன்னோர்கள் அவளுக்காக இரக்கம் கேட்டார்கள். இவர் தீர்ப்புச் சொன்னவர்களையே கூண்டில் ஏற்றினார்.

ஆனாலும் டெஸ்ஸும் தூக்கில்தான் முடிகிறாள். அந்த வழக்கத்தை உடைத்தவர் ஜார்ஜ் மூர். அவருடைய 'எஸ்தர் வாட்டர்ஸ்' (1894) வேலைக்காரி சாகவுமில்லை, கப்பலேறவுமில்லை. பாடுபட்டு மகனை ஆளாக்குகிறாள். டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் அந்த நூலை விற்க மறுத்தது.

கலையாகப் பார்த்தால் டெஸ்ஸுக்கே முதலிடம். ஆனால் டெஸ்ஸைப் படித்தவர்கள் அங்கேயே நின்றுவிடாமல் எஸ்தரையும் தேடிப் படிக்க வேண்டும்.