முதல் செமஸ்டரின் கனம்

சாத்தூரிலிருந்து சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைகளில் பலர் பட்டாசு, தீப்பெட்டி வேலை செய்யும் குடும்பங்களில் முதல் பட்டதாரிகள். கேம்பஸ் நேர்காணலில் முதல் வடிகட்டல் பெரும்பாலும் சிஜிபிஏ என்னும் ஒட்டுமொத்தக் கிரேடு சராசரிதான். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

அடிப்படைக் கணக்கில் குறையில்லை. வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட். ஆய்வகம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பாடத்தின் கிரேடு புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்கிறார்கள். நாலு கிரெடிட் கணிதமும் இரண்டு கிரெடிட் ஆய்வகமும் ஒரே எடையில் நிற்பதில்லை. வெறும் சராசரியைவிட இது நேர்மையானது.

பிசகு, மதிப்பெண் கிரேடாக மாறும் இடத்தில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் 81 எடுத்தாலும் 90 எடுத்தாலும் 9 புள்ளி. 80 எடுத்தால் 8. நாலு கிரெடிட் பாடத்தில் அந்த ஒரு மதிப்பெண் நாலு புள்ளியைப் பறித்துவிடுகிறது. 81க்கு மேல் உழைத்த ஒன்பது மதிப்பெண்ணுக்கோ கணக்கில் இடமே இல்லை. இப்படிக் கிடைத்த எண்ணை இரண்டு தசம இடம்வரை அச்சிடுவது பொய்யான துல்லியம். தோற்ற பாடத்தைத் தேறும்வரை கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், அரியர் உள்ளவரின் சிஜிபிஏ அதுவரை உயர்ந்தே தெரியும். சதவீதமாக்கும்போதும் குழப்பம்: 7.25 என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அட்டவணையில் 65. பத்தால் பெருக்கினால் 72.5.

உயர்த்த முடியுமா? தேறிய பாடத்தைக் கூடுதல் மதிப்பெண்ணுக்காக மறுபடி எழுத விதி இடம் தரவில்லை. 165 கிரெடிட் படிப்பில் 90 முடிந்து, 7.0 இருப்பதாக வைத்துக்கொள்வோம். 7.5 தொட மீதி 75 கிரெடிட்டிலும் சராசரி 8.1 வேண்டும், கடினம், ஆனால் முடியும். டிஸ்டிங்ஷனுக்கான 8.5க்கு 10.3 வேண்டும். உச்சமே 10! இரண்டாம் ஆண்டு முடிவிலேயே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. வீட்டில் இதைச் சொல்ல ஆளில்லாத பிள்ளை ஏழாம் செமஸ்டரில்தான் அறிகிறது.

ஆகவே கிரெடிட் எடை இருக்கட்டும். கிரேடை மட்டும் காட்டும் பழக்கம் போகட்டும். பக்கத்திலேயே மதிப்பெண்ணும் அச்சாக வேண்டும். கல்லூரிகள் இந்தப் பெருக்கல் வகுத்தலை முதல் செமஸ்டரின் முதல் வாரத்திலேயே கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும். நாலு கிரெடிட் பாடத்தில் 78இல் நிற்பவருக்கு இன்னும் மூன்று மதிப்பெண் என்ன தரும், 83இல் நிற்பவருக்கு ஏன் எதுவும் தராது என்பது அங்கேயே விளங்கிவிடும்.