மடி மட்டும் போதாது

1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் ரப்பர் நட்டார். அதன்பின் காடழித்து எழுந்த தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பலர் மலேரியாவில் படுத்து, உறவின் முகம் காணாமலே கண்மூடினார்கள். தோட்டங்களில் மேடையேறிய கர்ணன் கதையையும் சத்தியவான் சாவித்திரியையும் இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சாகிறவனைத் தாயோ மனைவியோ மடியில் ஏந்தும் காட்சி, அந்த மக்களுக்கு வெறும் புராணம் அல்ல. தங்கள் முன்னோர்க்குக் கிட்டாமல் போன ஒரு சாவு.

இந்த நாடக மரபின் பெரிய பலம் கர்ணனின் முடிவில் இருக்கிறது. வில்லிபுத்தூரார் பாரதத்தில், போருக்கு முன்பே கர்ணன் குந்தியிடம் வரம் கேட்கிறான்: நான் களத்தில் விழும்போது என்னை மடியில் எடுத்துப் பாலூட்ட வேண்டும், உன் மகன் என்று உலகறியச் சொல்ல வேண்டும். எப்படிச் சாக விரும்புகிறான் என்பதை அவன் வாயாலேயே கேட்டு, அப்படியே நடத்திக் காட்டுகிறது கதை. பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) படத்திலும் குந்தியின் மடியே அந்தக் காட்சிக்கு உயிர். தொடுதல், பெயர் சொல்லி அழைத்தல், உறவை ஒப்புக்கொள்ளுதல், தனியே விடாதிருத்தல் ஆகிய நான்கையும் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் மேடை கற்றுக்கொடுத்தது.

ஆனால் அதே காட்சி சில தவறான பாடங்களையும் தந்திருக்கிறது. முதலாவது, தாமதம். கர்ணனுக்கு ஆறுதல் வருவது உயிர் போகும் நேரத்தில்தான். நம் வீடுகளிலும் இது நடக்கிறது. நோயாளியிடம் உண்மையை மறைத்து வைத்துவிட்டு, நினைவு தப்பிய பிறகு கட்டில் ஓரம் கூடி மன்னிப்புக் கேட்கிறோம்.

இரண்டாவது, வலியைப் புண்ணியமாக்குவது. அம்பு தைத்துக் கிடப்பவனிடம் கண்ணன் வேதியர் வேடத்தில் வந்து, அவன் செய்த புண்ணியம் முழுவதையும் தானமாகக் கேட்கிறான். அவனும் தன் குருதியால் தாரை வார்க்கிறான். கொடையின் உச்சமாக இதைப் போற்றுகிறோம். அவன் உடம்பு என்ன பாடுபட்டது என்று மேடை கேட்பதில்லை. பிள்ளைகளுக்குத் தொல்லை வேண்டாம் என்று பல்லைக் கடித்து வலியைப் பொறுக்கும் பெற்றோரை நாம் பாராட்டுவதும் இந்த மனப்பழக்கத்தால்தான்.

மூன்றாவது பாடம் சாவித்திரியிடமிருந்து வருகிறது. அவள் எமனிடம் வாதாடி வென்று கணவனை மீட்கிறாள். அன்பு இருந்தால் சாவை வெல்லலாம் என்பது கேட்க இனிமையான வாக்கு. ஆனால் இனி குணப்படுத்த முடியாது என்று மருத்துவர் சொல்லும்போது, வலிநீக்கும் சிகிச்சையை ஏற்பதே அன்பில்லாமல் கைவிடுவதுபோல் குடும்பத்துக்குத் தோன்றிவிடுகிறது. மார்பின் என்ற வலிநீக்கி மருந்தின் பெயரைக் கேட்டதும் அஞ்சுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேல், ஏந்தும் மடி எப்போதும் பெண்ணுடையதாகவே இருக்கிறது. தந்தைக்கு உடம்பு துடைத்துவிடும் மகனை நம் மேடை காட்டவில்லை.

மேடை கேட்காத வலியை மருத்துவம் கேட்டது. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் நோய்த்தணிப்பு இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், சாகிறவரின் வலியை உடல், மனம், உறவு, ஆன்மா என்ற நான்கும் பின்னிய முழு வலியாகக் கண்டார். மலேசியாவில் 1991இல் ஹோஸ்பிஸ் மலேசியா என்னும் நோய்த்தணிப்பு அமைப்பு தொடங்கியது. நாட்டின் நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கை 2019 முதல் 2030 வரைக்கும் வகுக்கப்பட்டுள்ளது. சாண்டர்ஸ் சொன்ன நான்கில் உறவையும் ஆன்மாவையும் நம் நாடகம் வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. அது விட்டுவிட்டது உடலை. மனத்தைத் தொட்டதும் பாதிதான்.

ஆகவே பழைய கதைகளை ஒதுக்கச் சொல்லவில்லை. அவற்றை முழுமையாக்கச் சொல்கிறேன். மலாக்காவின் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ கோயில் மண்டபத்தில் நாடகம் போடும் இளைஞர்கள், கர்ணன் முன்கூட்டியே கேட்ட அந்த வரத்திலிருந்து தொடங்கட்டும். பால்மரம் வெட்டிக் காய்ப்பேறிய கைகளோடு படுத்திருக்கும் ஒரு தாத்தாவிடம், “உங்களுக்கு என்ன வேண்டும், எங்கே இருக்க ஆசை, வலி எவ்வளவு?” என்று பேரன் கேட்கும் காட்சியை எழுதட்டும். மருந்து கொடுக்கும் தாதியும் அதில் வரட்டும். அழவைப்பதில் நம் மேடைக்கு இணையில்லை. நோயாளி பேசக்கூடிய நாளிலேயே அவரிடம் கேட்க வேண்டும் என்பதையும் அது கற்றுக்கொடுத்தால், பார்த்தவர்கள் வீடு திரும்பிச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கும்.