வைனுக்குக் குனியும் குழம்பு

மிச்செலின் கையேடு 2022 டிசம்பரில் முதன்முதலாகக் கோலாலம்பூருக்கு வந்தது. டேவாக்கான் உணவகத்துக்கு அப்போது ஒரு நட்சத்திரம், மறுவருடமே இரண்டு. அதுமுதல் உள்ளூர் விளைச்சல், அந்தந்தப் பருவம், கூடவே வைன் என்பதுதான் உயர்ந்த சமையலின் இலக்கணம் என்று ஆகிவிட்டது. வைன் சேர்ந்தால்தான் நம் சாப்பாட்டை உலகம் மதிக்கும் என்று நம்மவர்களே வாதாடுகிறார்கள்.

நன்மை இருக்கிறது. யாரும் கண்டுகொள்ளாத காட்டுக் கொழுந்துக்கும் பழத்துக்கும் தட்டில் மரியாதை கிடைத்திருக்கிறது. மது வேண்டாம் என்பவருக்கு வேறு பானம் தரும் இடங்களும் உண்டு. நல்லது.

வைன் பிரான்சிலிருந்து வருகிறதே என்பது என் குறை அல்ல. மிளகாயும்தான் கடல் கடந்து வந்தது. வந்த வைன் அடுப்படிக்குள் புகுந்து நாட்டாமை செய்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஈஜோக் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்த் தரைவீடு வந்தது. குழம்பு வைக்கும் கை மாறவில்லை. ஜெராம் கடலோரத்துக் கெராங் சிப்பியோ கருவாடோ, புளியைக் கெட்டியாகக் கரைத்து, காய்ந்த மிளகாயை அரைத்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிடுவார்கள். அதில் ஒரு வாய் சோறு பிசைந்து தின்றுவிட்டுச் சிவப்பு வைனைக் குடித்துப் பாருங்கள். அதிலுள்ள ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். டானின் நாக்கை வறட்டும். புளிக்கு முன்னால் வைனின் சொந்தப் புளிப்பு சப்பென்று ஆகிவிடும். இதற்கு மருந்தாக இனிப்புள்ள ரீஸ்லிங் வைனைச் சொல்வார்கள். காரத்துக்கு அது ஓரளவு ஈடுகொடுக்கும், கருவாட்டுக்கு முன்னால் திணறும்.

ஆகவே குழம்பைத்தான் குறைக்கிறார்கள். தலைநகரில் ஒரு மேசையில் எனக்கு மீன் குழம்பு என்று வந்தது, தட்டின் ஓரத்தில் மெல்லிய கோடாக இழுத்திருந்தார்கள். வைனோடு மோதாமல் இருக்கப் புளியைக் குறைத்திருக்கிறோம் என்று பரிமாறியவர் பெருமையோடு விளக்கினார். மீன் உள்ளூர், கீரை உள்ளூர், ருசி மட்டும் கிளாஸைக் கேட்டு வைத்தது. பொருளை வாங்கிக்கொண்டு அதைச் சமைக்கத் தெரிந்தவர்களின் நாக்கைத் தள்ளிவைப்பதை உள்ளூர்ச் சமையல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உள்ளூர்ப் பானம்தான் வேண்டுமென்றால் கள் இருந்தது. இறக்கிய சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கி, மறுநாளே காடியாகப் போவது அது. அதைவிட உள்ளூரானது எது? ஆனால் தோட்டத்தில் கள்ளுக்கடை கூலியை உறிஞ்சிய இடம். 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. அந்த வரலாறு தெரிந்தவன் கள்ளுக்கு வக்காலத்து வாங்க மாட்டான், நானும் வாங்கவில்லை.

கேட்பது இவ்வளவுதான். குழம்பை முதலில் வையுங்கள், எங்கள் வீட்டுப் பெண்கள் கரைக்கும் கெட்டிக்கே புளியைக் கரையுங்கள். பிறகு அதற்கு எது நிற்கும் என்று தேடுங்கள். நீர்மோர் நிற்கும், ரசம் நிற்கும், இரவெல்லாம் ஊறிப் புளித்த நீராகாரம் அருமையாக நிற்கும். வைனும் நின்றால் ஊற்றுங்கள், நிற்காத நாளில் புட்டியைத் திறக்காதீர்கள்.