தீர்ப்பும் தலைவர்தம் நாவும்

மக்கள் உள்ளத்தைக் கலக்கும் தீர்ப்பொன்று வரும்போது அரசியல் தலைவர்கள் பேச வேண்டுமா, வாளாவிருக்க வேண்டுமா என்று வினவுவது வழக்கம். நாம் அதற்கும் முந்திய வினாவொன்றை எழுப்புகிறோம்: பேசப் புகுந்தவர் அத்தீர்ப்பைப் படித்தாரா? படித்ததை உள்ளபடி மக்களுக்கு எடுத்துரைத்தாரா?

1985 ஏப்ரல் 23ஆம் நாள் ஷா பானு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நாம் மதரஸாவில் ஓதும் பிள்ளை. குலசேகரன்பட்டினத்திலும் மேடைகள் முழங்கின. கூட்டம் கலைந்தபின் மூதாட்டி ஒருவர் நம்மை அழைத்து, "வாப்பா, அந்தப் பொம்பளைக்கி எவ்வளவுதான் குடுக்கச் சொன்னாங்க?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. மேடையில் எவரும் அதைச் சொல்லவுமில்லை.

பின்னாளில் படித்தறிந்தோம்: மாதம் 179 ரூபாய் 20 காசு. நாற்பதாண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்த மனைவியை விலக்கிய இந்தூர் வழக்கறிஞர் ஒருவர் கொடுக்க வேண்டியதென மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 1980இல் விதித்த தொகை. அதை எதிர்த்த கணவரின் மேல்முறையீட்டையே உச்ச நீதிமன்றம் தள்ளிற்று.

தீர்ப்பிலும் குறையுண்டு. திருமறையின் 'மதாஉ' என்னும் சொல்லை நீதிபதிகள் மொழிபெயர்ப்புகளின் துணைகொண்டு ஜீவனாம்சம் வரை விரித்தனர். ஃபிக்ஹு நூலோரோ அதனை ஒருமுறை வழங்கும் கொடையாகவே கண்டனர். பொது சிவில் சட்டம் பற்றிய உபதேசமும் அவ்வழக்கிற்கு வேண்டாதது. இவற்றை மறுத்துரைக்கத் தலைவர்களுக்கு உரிமையுண்டு, கடமையுமுண்டு.

ஆயினும் மறுத்தவர்கள் சொல்லாது விட்டதைக் கவனியுங்கள். விலக்கப்பட்ட மனைவிக்குரிய அக்கொடையை 'முத்ஆ' என்பர். ஹனஃபி மத்ஹபில் அது பெரும்பாலும் விரும்பத்தக்கதாகவே நிற்க, நம் கடற்கரை மக்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், கூடி வாழ்ந்தபின் கணவன் தலாக் சொன்னால் அதனை அளிப்பது வாஜிப். தொகையில் பிணக்கு நேரின் இருவர் நிலையையும் நோக்கிக் காஜி வரையறுப்பார். இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' ஓதிய மாணவனும் இதனை அறிவான். "தீர்ப்பை ஏற்கிலோம், எனினும் முத்ஆ எங்கள் கடன், அதை வாங்கித் தருவோம்" என்று அன்று நம் மேடையில் ஒருவர் முழங்கியிருந்தால், அம்மூதாட்டி மனநிறைவோடு வீடு திரும்பியிருப்பார்.

ஆட்சியாளர் நிலையென்ன? 1985 ஆகஸ்டில் இணையமைச்சர் ஆரிஃப் முகம்மது கான் மக்களவையில் தீர்ப்பை ஆதரித்துப் பேசினார். அதே அரசின் அமைச்சர் ஜியாவுர் ரஹ்மான் அன்சாரி நவம்பரில் அதனைக் கடுமையாகச் சாடினார். பிரதமர் ராஜீவ் காந்தியின் அரசு ஒன்று, நாவோ இரண்டு! 1986 பிப்ரவரியில் மசோதா வந்தது. ஆரிஃப் கான் பதவி துறந்தார். மே மாதம் முஸ்லிம் பெண்கள் மணவிலக்கு உரிமைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. வென்றோம் என்றனர் ஒரு சாரார். பெண்ணைக் கைவிட்டனர் என்றனர் மறுசாரார்.

இரு சாராரும் சட்டத்தின் சொற்களை ஊன்றிப் படித்தாரில்லை. இத்தா காலத்துக்குள் "நியாயமான, தகுந்த ஏற்பாடும் பராமரிப்பும்" செய்தளிக்க வேண்டும் என்பது அதன் வாசகம். 2001 செப்டம்பர் 28இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லுமெனக் கொண்டு, அவ்வாசகத்துக்குப் பொருளும் உரைத்தது: இத்தா என்பது ஏற்பாட்டைச் செய்து முடிப்பதற்கான தவணை, ஏற்பாடோ அப்பெண்ணின் பிற்கால வாழ்வுக்கும் உரியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் முஸ்லிம் பெண்களுக்குத் திறந்தே இருக்கிறதென 2024 ஜூலை 10இல் அந்நீதிமன்றம் மீண்டும் உரைத்தது. பதினைந்தாண்டுக் காலம் எத்தனை பெண்கள் தம் உரிமை இன்னதென்று அறியாமலே வாசற்படிகளில் நின்றிருப்பர்!

தலைமை ஓர் அமானத். தீர்ப்பு யாருக்கு, எதை, ஏன் வழங்கிற்று என்பதை முதலில் சொல்லுதல் அந்த அமானத்தின் பாற்பட்டது. மேடையேறும் தலைவர் அம்மூதாட்டியின் கேள்விக்கு விடை சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். அதன்பின் அவர் ஏற்பினும் மறுப்பினும் அமர்ந்து கேட்போம்.